சம்பந்தி ஏறும் வண்டி

ஃபக்ருதீன் பாய் முன் டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார். ஜாக்கியில் தொங்கிய சக்கரம் ஆடுகிற பல் மாதிரி ‘லொடக்’ என்றது. நைனா, என் அப்பா, வேறு பக்கம் பார்த்தார்.

“ரெண்டு பக்கமும் போயிடுச்சு குணசேகரா. இந்த பால் ஜாயின்ட்டுதான் சக்கரத்த வண்டியோட புடிச்சிகினு கீது. உருண்டை கிண்ணத்த வுட்டு வந்துச்சுன்னா சக்கரம் அப்டியே மடங்கிக்கும். புதுசு நாளைக்கு மத்தியானம்தான் வரும். அதுவரைக்கும் எடுக்காத.”

“பழசையே அடிச்சு டைட் பண்ணிக் குடு பாய். நாளைக்கு ஒரு நாள் ஓடுனா போதும்.”

மாசியிலும் நைனா இதையேதான் சொன்னார், ஆடியிலும் இதையேதான் சொன்னார். டயர் உள்பக்கம் தேய்ந்தால் இடது டயரை வலப்பக்கம் மாற்றிப் போடுவார். சத்தம் கேட்டால் பம்பரில் இன்னொரு எலுமிச்சம்பழம் கட்டுவார். எங்கள் பிக்கப் வண்டிக்கு நடந்த வைத்தியம் இவ்வளவுதான். பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

மறுநாள் என் அக்கா அனுசுயாவின் குழந்தைக்கு மலைக்கோயிலில் மொட்டையும் காதுகுத்தும். அவள் மாமியார் வீட்டாரைப் பள்ளிப்பட்டிலிருந்து சொந்த வண்டியில் கூட்டி வந்து கோயில் வாசலில் இறக்குவதாக நைனா வாக்குக் கொடுத்திருந்தார். பின்னால் ஜமுக்காளம் விரித்து, பெண்களும் பிள்ளைகளுமாக.

“மலை வளைவுல சக்கரம் மடங்குனா குழந்த எங்க போய் வுழும்னு யோசிச்சியா நைனா?”

“வாயக் கழுவு. நல்ல காரியத்துக்கு முன்னாடி பேசற பேச்சா இது?”

“பேசினா ஒண்ணும் ஆவாது. ஓட்டினாதான் ஆவும்.”

“காலேஜுக்குப் போனா வண்டி ரிப்பேரும் சொல்லித் தராங்களா?”

“சொன்னது பாய். நான் இல்ல.”

பாய் சாக்குத்துணியில் கையைத் துடைத்தார். “என்ன நடுவுல இழுக்காதீங்க. ஆனா நான் அடிச்சுக் குடுக்க மாட்டேன்.”

“அப்ப வேற பட்டறை பாத்துக்கறேன். ஜாக்கிய எறக்கு.”

வேறு பட்டறையில் அடித்துக் கொடுப்பார்கள். அது எனக்கும் தெரியும். வேன் வைக்கலாம் என்றேன். சம்பந்தியை வாடகை வண்டியில் ஏற்றினால் சிரிப்பார்கள் என்றார். அதற்கு மேல் வாதாடச் சலிப்பாக இருந்தது. போனை எடுத்து அக்காவின் மாமியார் ரத்தினம்மாளைக் கூப்பிட்டேன்.

“அத்தை, துர்கா பேசறேன். எங்க வண்டில முன் சக்கரம் எப்ப வேணா மடங்கும். நாளைக்கு அதுல ஏறாதீங்க. நைனா வந்து கூப்ட்டாலும் ஏறாதீங்க. பஸ்ல வந்துடுங்க.”

நைனா போனைப் பிடுங்க வந்து பாதியில் நின்றுவிட்டார். ரத்தினம்மாள் குரல் அவருக்கும் கேட்டது. “இன்னாம்மா இது! சொந்த வண்டி, சொந்த வண்டின்னு பத்திரிகைல போடாத குறையா சொன்னாரு உங்க நைனா. ஓட்டை வண்டின்னு சொல்லவே இல்லியே!”

சக்கரம் கழன்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். சம்பந்திக்குத் தெரிந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. சாவியைக்கூட எடுக்காமல் பட்டறையை விட்டு நடந்து போனார்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். “உனக்கு இன்னா, சொல்லிட்டு வெச்சுட்ட. இந்த வூட்ல குப்பை கொட்றவ நான்டி. ஜென்மத்துக்கும் குத்திக் காட்டுவாங்க.” அதுவும் உண்மைதான்.

மறுநாள் நான் மலைக்குப் போகவில்லை. நைனாவின் முகத்தையும் ரத்தினம்மாள் வாயையும் ஒரே நாளில் சமாளிக்கத் தெம்பில்லை. பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் புது ஜாயின்ட்டுகள் வந்தன. இடது பக்கப் பழசை பாய் சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தார். வலது பக்கம் தட்டவே வேண்டியிருக்கவில்லை. நட்டைக் கழற்றியதும் உருண்டை தானே கிண்ணத்தை விட்டு அவர் உள்ளங்கையில் விழுந்தது.

“யா அல்லா,” என்றார்.

சந்தோஷப்படலாமே என்று பார்த்தேன். பசிதான் எடுத்தது.

கடைசி நட்டை முறுக்கும்போது நைனா வந்தார். அவருக்கும் மொட்டை, தலை முழுக்கச் சந்தனம். தரையில் கிடந்த உருண்டையை எடுத்து விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

“முடிஞ்சுதா பாய்?”

“ஆங். ஒரு ஓட்டம் ஓட்டிப் பாக்கணும்.”

“சம்பந்தி வூட்டுக்காரங்க ஊருக்குத் திரும்ப பஸ் ஸ்டாண்டுல நிக்கறாங்க. ஒரே கூட்டம். குழந்த காது வலில அழுதுகினு கீது. வண்டி ரெடியாவுது, வாங்கன்னேன். ‘உங்க பொண்ணு சொல்லட்டும், ஏறிக்கறோம்’னுச்சு அந்தம்மா.” என்னைப் பார்க்காமல் சொன்னார். “ஒரு போனு போடு.”

“ஓட்டிப் பாத்துட்டுப் போடறேன். சரியில்லன்னா சரியில்லன்னுதான் சொல்வேன்.”

பாய் ஜாக்கியை இறக்கி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். நான் முன்னால் ஏறிக்கொண்டேன். நைனா பின்பக்கம் போய், பெண்கள் உட்கார வேண்டிய இடத்தில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“மலை ரோட்லயே வுடு பாய்,” என்றார். “மெதுவா.”