உள்ளே போக மறுத்த அறை

1.

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னை ஒரு மாதிரிப் பார்க்க வேண்டாம்.

சிட்னியில், கிரவீனில், எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி அருந்தவன் இருக்கிறார். சிட்னி ரயில் பாதைகளில் சிக்னல் பழுதுபார்க்கிற வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற மாதமே அவரும் மனைவி சிவகௌரியும் போய் ஒரு மோட்டர்ஹோம் வாங்கி வந்து வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். குசினி, குளியலறை, கட்டில் என்று எல்லாம் உள்ளேயே இருந்தது. ஆனால் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது அதன் பக்கச் சுவர்தான். ஒரு சுவிட்சை அழுத்தினால் கட்டிலோடும் ஜன்னலோடும் ஓர் அறையே மேசை லாச்சி மாதிரி வெளியே வரும். இன்னொரு தடவை அழுத்தினால் உள்ளே போகும். ஸ்லைட்-அவுட் என்று பெயர். அது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது வண்டியை ஓட்ட முடியாது. இந்த ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்திருங்கள், மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்றே ஒரு பகிடிக் கதை தொடங்கினேன். [முதல் வரி: "சில்லுப் பூட்டிய வீட்டுக்குக் குடிபூரல் செய்வதா, வாகனப் பூசை போடுவதா என்று ஐயருக்கே குழப்பமாகிவிட்டது."] நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன். இப்போது எடுத்து வாசித்தால் வெட்கமாக இருக்கிறது.

2.

வண்டி மூன்று வருடம் நின்ற இடத்திலேயே நின்றது.

காரணத்தை வெள்ளைக்காரருக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள், நம்மாட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. புது வாகனம் தூரப் பயணம் போகமுதல் கோயிலுக்குக் கொண்டுபோய்த் தேங்காய் உடைத்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசுக்க வேண்டும். உரித்துக்காரர் ஒருவர் செத்துத் துடக்கு, அதாவது தீட்டு, வந்தால் கோயில் வாசலை மிதிக்க முடியாது; ஒரு சாவுக்கு முப்பத்தொரு நாள். அருந்தவனின் உரித்துக்காரர் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று பரந்து கிடக்கிறார்கள். எல்லோருக்கும் வயதும் போய்விட்டது. ஒரு துடக்குக் கழிந்து, நல்ல நாள் பார்த்து, பயணத்துக்கு அரிசி மாவும் வறுத்து முடிய அடுத்த டெலிபோன் வரும். அந்த மாவில் பிட்டு அவித்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுப்பார்கள். நானே எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறேன்!

சிவகௌரி ஆசைப்பட்டது பெரிய பயணம் ஒன்றுமில்லை. இரண்டு மணித்தியாலத் தூரத்தில் இருக்கிற கயாமா. கடலுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, அந்தக் கட்டிலில் படுத்து, காலையில் கண் விழிக்கக் கடல் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

நிற்கிற வண்டி ஏன் சும்மா நிற்க வேண்டும் என்று ஸ்லைட்-அவுட்டைத் திறந்து விட்டார்கள். சிவகௌரி அதற்குள் போயிருந்து சட்டை தைப்பார், மெல்பேணில் இருக்கிற மகள் தாரிணியோடு மணிக்கணக்கில் கதைப்பார். அறையை நகர்த்துகிற மோட்டர் வண்டிக்குக் கீழே ஒருவரும் தொடாமலே மழையிலும் வெயிலிலும் துருப்பிடித்தது.

[மூன்றாவது துடக்கின்போது சிவகௌரி என்னைத்தான் கேட்டார்: "இது எங்கயோ தூரத்துச் சொந்தம். முகமும் தெரியாது. இதுக்கும் காக்கவேணுமோ, மாஸ்ரர்?" நான் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கிறவன், அதனால் சாத்திரமும் தெரியும் என்று சனம் நம்புகிறது. "இன்னும் பதினொரு நாள்தானே அக்கா, முடிச்சிட்டுப் போங்கோவன்" என்றேன். இந்தப் பந்தியை மூன்று தடவை எழுதி மூன்று தடவை அழித்தேன். இப்போது அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன்.]

3.

இந்த வருடம் மார்ச் மாதம் சிவகௌரிக்கு ஈரலில் புற்றுநோய் என்றார்கள். நன்றாகப் பரவிவிட்டதாம். சில மாதங்கள் இருக்கலாம் என்றார் டொக்டர்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே அருந்தவன் பொங்கிவிட்டார். "துடக்கும் மண்ணாங்கட்டியும்! வாற வெள்ளிக்கிழமை கயாமாவுக்குப் போறம்" என்றார். அந்தக் கோபம் மூன்று வருடம் முந்தி வந்திருக்கலாம்.

திங்கட்கிழமை காலை ஸ்லைட்-அவுட்டை உள்ளே இழுக்கச் சுவிட்சை அழுத்தினார். அப்போது விதி தன் கோரப்

இல்லை. விதியும் வரவில்லை, கோரமும் வரவில்லை. "டிக்" என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. அறை அசையவில்லை.

அருந்தவன் டோர்ச்சோடு வண்டிக்குக் கீழே போய் மல்லாந்து படுத்தார். சிவகௌரி வாசலில் கதிரை போட்டு, சால்வையைப் போர்த்துக்கொண்டு இருந்தார். அவருடைய கால்கள் மட்டும்தான் அருந்தவனுக்குத் தெரிந்தன. செருப்பு வார் புதையும் அளவுக்கு வீங்கியிருந்தன. இது எப்போது இவ்வளவு வீங்கியது, நான் ஏன் காணவில்லை என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

"என்னவாம்?"

"மோட்டர் செத்துப்போச்சு" என்ற அருந்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சிவகௌரி சிரித்தார். "அதுக்கேன் பேசாமல் இருக்கிறியள்? மோட்டர்தானே. இஞ்சேருங்கோ, கையால சுத்தி உள்ளுக்கு விட ஏலாதோ? வித்தவர் ஏதோ கம்பியைக் குடுத்துச் சுத்திக் காட்டினவர்."

"விசர்க்கதை கதையாதையும். அங்க போய் அறை அரைவழியில சிக்கினா உம்மை எங்க கிடத்துறது? புது மோட்டர் எடுத்துப் பூட்டி, ஒழுங்காச் செய்துபோட்டுப் போவம்."

"எத்தினை நாள் செல்லும்?"

"குயின்ஸ்லாந்தில இருந்து வரவேணும். ஒன்பது நாளாம்."

"ஒன்பது நாள்தானே" என்றார் சிவகௌரி. "இருக்கிறன்."

4.

இந்த உரையாடல் இந்தக் கதையின் முதல் பிரதியில் இல்லை. மோட்டரின் பல்சக்கரம் உடைந்துபோனது, கையால் சுற்ற வழியே இல்லை என்று எழுதியிருந்தேன். அருந்தவனுக்கு ஓர் உதவி செய்கிறேன் என்று நினைப்பு. கதை எழுதுகிறவன் இந்த உதவியாவது செய்யாவிட்டால் பிறகு என்னத்துக்கு எழுதுகிறான்?

என் மனைவி இரஞ்சிதம் வாசித்துவிட்டு, "பல்லு உடைஞ்சதெண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டாள்.

"ஒருதரும் சொல்லேல்ல."

"அப்ப?"

அப்ப என்ன அப்ப.

அருந்தவனை நான் இன்னும் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை. பிடிவாதக்காரரா, பயந்தவரா? சிக்னலை அரைகுறையாகத் திருத்தினால் ரயில் மோதும் என்ற உலகத்தில் முப்பத்தொரு வருடம் வாழ்ந்த மனிதர். கம்பியைப் போட்டு நூறு சுற்றுச் சுற்றுவதெல்லாம் அவருக்கு வேலையே இல்லை, ஒப்பேற்றல். மனைவிக்குக் கடைசியாகச் செய்கிற காரியத்தை ஒப்பேற்ற அவருக்கு மனம் வரவில்லை. இது என் ஊகம். வேறு மாதிரி நினைக்க உங்களுக்கு உரிமை உண்டு.

இன்னொரு முடிவும் எழுதிப் பார்த்தேன். அதில் மோட்டர் ஆறாம் நாளே வந்துவிடுகிறது. அவர்கள் போகிறார்கள். விடிகிறது. "சிவகௌரி கண் விழித்தபோது ஜன்னல் நிறைய"

இதற்கு மேல் எழுத முடியவில்லை. அவர் காணாத கடலை நான் எப்படி எழுதுவது?

5.

எட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, வீட்டிலேயே சிவகௌரி போய்விட்டார். தாரிணி முதல்நாள்தான் வந்து சேர்ந்திருந்தாள்.

புதன்கிழமை காலை மோட்டர் வந்தது. சொன்ன நாளில் சரியாக. வாசலெல்லாம் சனம். கூரியர்காரர் பெட்டியோடு தயங்கி நிற்க, அருந்தவன் போய்க் கையெழுத்து வைத்து வாங்கி, நன்றியும் சொன்னார்.

செத்தவீடு முடிந்து மூன்றாம் நாள், வண்டிக்குக் கீழே சத்தம் கேட்கிறது என்று தாரிணி எனக்கு போன் எடுத்தாள். ஓடிப்போனேன். அருந்தவன் கீழே கிடந்தார். தாரிணி குந்தியிருந்து, "அப்பா, ப்ளீஸ். இப்ப ஏன் அப்பா?" என்று அழுதுகொண்டிருந்தாள்.

"மாஸ்ரர், டோர்ச்சைக் கொஞ்சம் பிடியும்" என்றார் அவர்.

பிடித்தேன். துருப்பிடித்த ஆணிகளுக்கு எண்ணெய் விட்டு, காத்திருந்து, ஒவ்வொன்றாகக் கழற்றினார். பழைய மோட்டரை இறக்கிப் பேப்பரில் வைத்தார். புதியதைப் பூட்டி, வயர்களைக் கொடுத்து, ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். மூன்று மணித்தியாலம் போனது. பிறகு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சுவிட்சை அழுத்தினார். அறை மெல்லிய இரைச்சலோடு நகர்ந்தது. சிவகௌரியின் தலையணை, அரைவாசி தைத்த சட்டை எல்லாவற்றோடும் உள்ளே போய்ப் பொருந்தியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

தாரிணி தேத்தண்ணி போட எழுந்து போனாள். அருந்தவன் படியில் இருந்து பழைய மோட்டரை மடியில் எடுத்து வைத்தார். கம்பியைப் போட்டுச் சுற்றினார். மோட்டரின் மறுபக்கத்தில் பல்சக்கரம் தடையில்லாமல் சுற்றியது.

"மாஸ்ரர், கையால சுத்தியிருந்தா அண்டைக்கே போயிருக்கலாம் என்ன?"

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அது இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பல்லுக்கும் குறைவில்லை.

"இல்லை அண்ணை" என்றேன். "பல்லெல்லாம் தேஞ்சிருக்கு. அவ்வளவு பாரத்தை இழுத்திருக்காது."

அருந்தவன் பெருவிரலால் பற்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். நேரமெடுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"ஓம்" என்றார். "தேஞ்சுதான் போச்சு."

6.

பல் உடைந்த முதல் பிரதியைச் சுத்தமாகப் படியெடுத்து அருந்தவனுக்குக் கொடுக்கப்போகிறேன். பல் உடையாத இந்தப் பிரதி உங்களுக்கு.

முடிவென்று என்னிடம் ஒன்றும் இல்லை. ஐயரிடமும், வென்ட்வேர்த்வில் கடையில் வரிசையில் நிற்கிறவர்களிடமும் அருந்தவன் இப்போது இதே கேள்வியைத்தான் கேட்கிறார். ஆட்களை மறித்து, மோட்டரைக் காட்டி, கம்பியைப் போட்டுச் சுற்றிக் காட்டுகிறார். இதுவரை எல்லோரும் நான் சொன்ன பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அவர் "ஓம்" என்கிறார். அடுத்த ஆளிடம் போகிறார்.

ஒருநாள் உங்களிடமும் வருவார். என்ன சொல்லப்போகிறீர்கள்?