தாதருக்கு நாலு டிக்கெட்

என் வீட்டுக்காரர் கலியபெருமாளுக்கு ஒரு குணம். முடிவு என்று ஒன்று எடுக்கவே மாட்டார். சந்தையில் ஒரு கத்தரிக்காயை எடுப்பார், வைப்பார், மறுபடி அதையே எடுப்பார். கடைக்காரன் முகம் கோணுவது அவர் கண்ணில் படாது. அப்படிப்பட்ட மனுஷர் கையில் பம்பாய்க்குப் போகிற ரயில் டிக்கெட் நாலைக் கொடுத்தால் என்ன ஆகும்? அதைத்தான் சொல்ல வந்தேன்.

டிக்கெட் அனுப்பியவர் என் தங்கை பிரகதாம்பாளின் புருஷன். பம்பாயில் மில்லில் வேலை. மெட்ராஸில் இருக்கிற சிநேகிதரிடம் சொல்லி இடம் பிடித்து ரிஜிஸ்தர் தபாலில் அனுப்ப வைத்திருந்தார். கூடவே பிரகதா ஒரு தபால் கார்டும் போட்டிருந்தாள். 'அக்கா, அவருக்கு பஹ்ரைனில் வேலை கிடைத்துவிட்டது. வைகாசியில் நாங்களும் கூடவே போகிறோம். எப்போது திரும்புவோம் என்று சொல்ல முடியாது. கைக்குழந்தையோடு என்னால் அங்கே வர முடியவில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் லீவுதானே, எல்லாரும் வந்து ஒரு மாதம் இருங்கள். கடல் காட்டுகிறேன்' என்று.

கடலை யார் கேட்டார்கள்? இந்தப் பக்கம் முத்துப்பேட்டைக்குப் போனால் வேண்டிய மட்டும் கடல் இருக்கிறது. எனக்கு அவளைப் பார்க்க வேண்டும். அம்மா சாகும்போது அவளுக்கு மூன்று வயது, எனக்குப் பதின்மூன்று. என் இடுப்பிலேயே வளர்ந்தவள். கல்யாணமாகி ரயிலேறியவளைப் பார்த்து ஏழு வருஷம் ஆயிற்று. இப்போது விட்டால் அப்புறம் எந்தக் காலம் என்று யாருக்குத் தெரியும்?

சித்திரை ஒன்பதாம் தேதி ராத்திரி நீடாமங்கலத்தில் ஏற வேண்டும். காலையில் மெட்ராஸ். எழும்பூரில் இறங்கி சென்ட்ரல் போய் வேறு வண்டி. பன்னிரண்டாம் தேதி காலையில் பம்பாயின் தாதர் ஸ்டேஷன். அங்கே பிரகதா வந்து நிற்பாள். பையன் செல்லத்துரை இதை ஒரு காகிதத்தில் எழுதிப் பாடம் மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தான். சின்னவள் சாவித்திரிக்கு ரயிலில் ஜன்னல் ஓரம் யாருக்கு என்பதுதான் கவலை.

இவருக்கு வேறு கவலை. அந்த வருஷம் எங்கள் ஊரில் நல்லேர் பூட்டுவது அதே பன்னிரண்டாம் தேதிக்கு அமைந்துவிட்டது. சித்திரையில் நல்ல நாள் பார்த்து, ஊரே ஒன்றாக அவரவர் வயலில் முதல் ஏர் ஓட்டுவதுதான் நல்லேர். முன்பெல்லாம் அது சாமி காரியம். மாட்டுக்குப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, மூன்று சுற்று ஓட்டிவிட்டுச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட வீட்டுக்கு வந்துவிடலாம். குத்தகைக்காரன் பேரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு அது வழக்குக் காரியமும் ஆகிவிட்டது. நல்லேர் எவன் பூட்டினானோ அவன்தான் அந்த வருஷம் சாகுபடி என்று ஊர் சொல்லும். விசாரணைக்கு அதிகாரி வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்பார்.

நாங்கள் உழுவது மிராசுதார் வைத்தியலிங்கத்தின் நிலம். ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர். மாமனார் காலத்திலிருந்து குத்தகை. பதிவுக்கு மனுக் கொடுத்திருந்தோம். பண்ணை ஆட்சேபம் போட்டிருந்தது. போன வருஷம் பக்கத்து ஊரில் ஒருவர் சாவுக்குப் போய்விட்டு வருவதற்குள் அவர் வயலில் பண்ணையின் ஏர் இறங்கிவிட்டது. அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. அதனால் எங்கள் ஊரில் குத்தகைக்காரர்கள் சங்கம் கூடி, எல்லாரும் ஒரே நாளில் ஒரே நேரத்தில்தான் பூட்ட வேண்டும், யாரும் தனியாக இறங்கக் கூடாது என்று பேசி வைத்திருந்தார்கள்.

"நாம அங்க தாதர்ல இறங்குற நேரம், இங்க பண்ணை ஏரு நம்ம வயல்ல இறங்கும்" என்றார் இவர்.

"அப்ப போக வேணாங்கிறீங்களா?"

"வேணாம்னு சொல்லலியே."

"அப்ப போவோமா?"

"பாப்போம்."

இந்தப் 'பாப்போ'மை நான் பத்து நாள் கேட்டேன். காலையில் எழுந்து பெட்டியை எடுத்துத் துடைப்பார். மத்தியானம் வயலைப் பார்த்துவிட்டு வந்து அதைப் பரண்மேல் போடுவார். எனக்குத் தலையே வெடித்துவிடும் போலிருந்தது.

"சங்கத்துல சொல்லி, யாரையாவது நமக்காவப் பூட்டச் சொல்லுங்களேன்" என்று ஒரு நாள் சொன்னேன்.

"ஊரே பயந்துக்கிட்டு காவல் காக்கையில, நான் பொண்டாட்டி புள்ளையோட பம்பாய் சுத்திப் பாக்கப் போறேன்னு எந்த வாயால சொல்றது? போற காரியத்த முன்கூட்டி நாலு பேருகிட்ட சொன்னா அது விளங்கவும் செய்யாது. நீயும் வாயத் தொறக்காத."

நானும் திறக்கவில்லை. பயணத்தை முன்கூட்டிச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று எனக்கும் ஒரு நினைப்பு. பிள்ளைகள் வாயையும் அடைத்துவைத்தோம். பக்கத்து வயல்காரி எல்லையம்மாள் அக்கா ரெண்டு தடவை, "என்னடி, மொகமே சரியில்ல?" என்று கேட்டாள். தலைவலி என்றேன்.

"நீங்க இருங்க, நான் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"எழும்பூர்லேருந்து சென்ட்ரலுக்கு எப்படிப் போவ?"

எனக்குத் தெரியாது. தஞ்சாவூரைத் தாண்டி நான் எங்கே போயிருக்கிறேன்? உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். அதை ஒத்துக்கொள்ளாமல் அவரைத் திட்டினேன்.

கடைசியில் அந்தப் பாழாய்ப்போன யோசனையை நான்தான் சொன்னேன். "ஊருக்கு முன்னாடி நாம பூட்டிட்டா என்ன? நம்ம வயல், நம்ம மாடு. விடியக்காலம் மூணு சுத்து ஓட்டிட்டு வந்துடுங்க. பூட்டியாச்சுன்னா பூட்டியாச்சுதானே?"

அவர் வேண்டாம் என்றார். சங்கத்துப் பேச்சு என்றார். நான் விடவில்லை. ரெண்டு நாள் அவரோடு பேசாமல் சோற்றை மட்டும் வைத்தேன். சித்திரை ஐந்தாம் தேதி கிழக்கு வெளுக்கும்போது ஏரைத் தோளில் போட்டுக்கொண்டு மாட்டை ஓட்டிப் போனார். தேங்காய் உடைத்தால் சத்தம் கேட்கும் என்று வெறும் சூடம் காட்டிவிட்டு மூன்று சுற்று ஓட்டினார். சொந்த வயலில் திருடன் மாதிரி.

அதைப் பண்ணையின் காரியக்காரர் இராஜாங்கம் பார்த்துவிட்டார். அன்றைக்கே டீக்கடையில் பத்துப் பேர் எதிரில் இவரைக் கூப்பிட்டு, "கலியபெருமாளு, நல்ல காரியம் செஞ்ச. சங்கம் கிங்கம்னு நிக்காம தனியா வந்துட்ட. ஐயாகிட்ட சொல்லியிருக்கேன், ஒன்னைய மட்டும் கவனிச்சுக்குவாரு" என்றாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"டீயக் குடிச்சிட்டு வந்துட்டேன்."

"ஏங்க, ஒரு வார்த்தை, 'போய்யா நீயும் ஒன் ஐயாவும்'னு சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள அவரு சைக்கிள்ல ஏறிட்டாரு."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அன்றிலிருந்து இவருக்குப் புதுப் பயம் பிடித்தது. எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்றார். சங்கச் செயலாளர் வீரையன் எதிரே வந்தபோது வரப்பு மாறிப் போய்விட்டாராம், இவர்தான். "இந்த நேரத்துல நாம குடும்பத்தோட ரயில் ஏறுனா, பண்ணைதான் டிக்கெட்டு எடுத்துக் குடுத்துச்சும்பாங்க. வெலைபோனவன்னு எம் பேர்ல எழுதிடுவாங்க. அந்தப் பேரோட எந்த வயல்ல போய் நிக்கிறது?"

தனியாக ஏர் பூட்டச் சொன்னவளே நான்தானே.

ஆனாலும் ஒன்பதாம் தேதி காலையில், "ஆனது ஆவட்டும், போவோம், கட்டு" என்றார். கட்டினேன். புளிச்சோறு கிளறிப் பொட்டலம் போட்டேன். பிரகதாவுக்குப் பிடிக்கும் என்று வத்தல், மாவடு எல்லாம் எடுத்து வைத்தேன். மத்தியானம் "வண்டி சொல்லிட்டு வர்றேன்" என்று போனவர் விளக்கேற்றும் நேரத்துக்கு வெறுங்கையோடு வந்து வாசலில் உட்கார்ந்தார். புதுச் சட்டையோடு நின்ற செல்லத்துரை உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றினான். அன்றைக்கு எங்கள் ராத்திரிச் சாப்பாடு அந்தப் புளிச்சோறுதான். சாவித்திரி மட்டும் ரயிலில்தான் பிரிப்பேன் என்று பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே தூங்கிப் போனாள்.

பன்னிரண்டாம் தேதி ஊரோடு வயலுக்குப் போனோம். இவர் தலையைக் குனிந்தபடியே மாட்டை ஓட்டி வந்தார். நான் தேங்காயும் பழமும் வைத்த தாம்பாளத்தோடு பின்னால் போனேன். எங்கள் வயலில் வீரையன் தன் மாட்டோடு நின்றுகொண்டிருந்தார். நம்மை உள்ளே விட மாட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

வரப்பிலிருந்த எல்லையம்மாள் அக்காதான் முதலில் பார்த்தாள். "ஏன்டி தையலு, பம்பாய் போகல?"

"ஒங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"நல்லாருக்கு போ! ரிஜிஸ்தர் தபாலும் ஒன் தங்கச்சி கார்டும் வந்த அன்னிக்கே தபால்காரரு மீரா சாகிப் கார்டப் படிச்சு, தெரு முழுக்கச் சொல்லிட்டுத்தான ஒன் வீட்டுக்கு வந்தாரு. கலியபெருமாளு ஊருக்குப் போறான், அன்னிக்கு அவன் வயல்ல வீரையன் பூட்டட்டும், அவன் பேரச் சொல்லியே பூட்டட்டும்னு சங்கத்துல அப்பவே பேசி முடிச்சாச்சே."

வீரையன் சிரித்தார். "அண்ணன் வந்து கேப்பாருன்னு பாத்தேன். கேக்கல. சரி, கூச்சப்படுறாரு, நாமளே பூட்டிடலாம்னு வந்துட்டேன்."

இவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. மெல்லிய குரலில், "அஞ்சாந்தேதி நான் தனியா ஓட்டுனது..." என்று இழுத்தார்.

"பாத்தோம் தம்பி. பயத்துல ஓட்டுறான் பாவம்னு விட்டுட்டோம்" என்றாள் அக்கா. "இராஜாங்கம் சொன்னா நாங்க நம்பிருவமா? அவன் வாயில என்னிக்கு உண்ம வந்துச்சு? ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரயிலடி வரைக்கும் வந்து ஏத்தி விட்டுருப்போமே. எம் மவன் மெட்ராஸுலதான இருக்கான், எழும்பூருக்கு வந்து அடுத்த வண்டியில ஏத்தி விட்டுருப்பான்."

ஒரு வார்த்தை. தினம் தண்ணீர்த் துறையில் பக்கத்தில் நிற்கிறவள். ரெண்டு தடவை அவளே வந்து கேட்டாள், நான் தலைவலி என்றேன். அவரைத் திட்டின திட்டெல்லாம் எனக்கே திரும்பி வந்தது போலிருந்தது.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. பொழுது நன்றாக ஏறியிருந்தது. வண்டி இந்நேரம் தாதருக்கு வந்திருக்கும்.

"ஏங்க, நாம வரலன்னு பிரகதாவுக்குத் தந்தி குடுத்தீங்களா?"

அவர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "தபாலாபீசு வாசல் வரைக்கும் போனேன். குடுத்துட்டா முடிஞ்சு போச்சேன்னு தோணிச்சு. ஒருவேள கெளம்பினாலும் கெளம்புவமோன்னு..."

கைக்குழந்தையோடு ஒவ்வொரு பெட்டியாக என் தங்கை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். பெட்டி காலியான பிறகும் நிற்பாள், அவள் அப்படித்தான். நான் வரப்பிலேயே உட்கார்ந்து ஊர் பார்க்க வாய்விட்டு அழுதேன்.

அப்புறம் எழுந்து தாம்பாளத்தை வீரையன் கையில் கொடுத்தேன். "எங்க வீட்டுக்காரரு பூட்டட்டும், நீங்க பக்கத்துல நில்லுங்க" என்றேன். "அக்கா, எங்கூட மன்னார்குடி தபாலாபீசு வரைக்கும் வர்றீங்களா?"

"இதுக்கென்னடி, வா" என்று கிளம்பிவிட்டாள்.

தந்தி எழுதித் தருகிற குமாஸ்தா சின்ன வயதுக்காரர். பொறுமையாக விலாசத்தைக் கேட்டு எழுதினார். 'வரவில்லை' என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார்.

"காரணம் போடணுங்களே. இல்லேன்னா யாருக்கும் உடம்பு சரியில்லியோன்னு பயந்துடுவாங்க. என்ன காரணம்னு எழுதட்டும்?"

நான் எல்லையம்மாள் அக்காவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். நிலத்துக்கு ஆபத்தில்லை. ஊருக்கு எங்கள்மேல் கோபமில்லை. டிக்கெட் கையில் இருந்தது, எழும்பூரில் வந்து நிற்க ஆளும் இருந்தது.

"எல்லாரும் சௌக்கியம், காரணம் ஒண்ணும் இல்லைன்னு எழுதுங்க" என்றேன்.