நூற்றைம்பது அடி

“நிறைய வச்சிருக்கிறவங்ககிட்ட நிறைய வாங்கினா அவங்களுக்கு வலிக்குமா, டீச்சர்?”

ஏழு வயது மாட்டில்டே ஒருநாள் இப்படிக் கேட்டாள். லூர்தெஸின் கைப்பையிலிருந்து எட்டிப் பார்த்த துண்டுப் பிரசுரத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் கேட்டாள். ஆண்டுத் தொடக்கத்தில் தன் பெயரையே தப்பாக எழுதிய பிள்ளை அது. வகுப்பில் தேர்தல் பேச்சுக் கூடாது என்பதால் லூர்தெஸ் பிரசுரத்தைப் பைக்குள் தள்ளிவிட்டாள்.

இப்போது நவம்பர். வாக்குப்பதிவு நாள். ஃபால் ரிவர் ஊரில் தேவாலயக் கூடத்தின் வாசலிலிருந்து நூற்றைம்பது அடி அளந்து நடைபாதையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். பிரசார அட்டை பிடிப்பவர்கள் அதைத் தாண்டக் கூடாது. கோட்டுக்கு இப்பால் ஆள் நிற்க வாகாக இருந்தது ஒரே ஒரு மேப்பிள் மரத்தடிதான். அதனால் காலை ஏழு மணியிலிருந்து ‘ஆம்’ அட்டையோடு லூர்தெஸும் ‘இல்லை’ அட்டையோடு அதெலினோ ரப்போசோவும் முழங்கை இடிக்கிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

வாக்காளர்களிடம் கேட்டிருந்த கேள்வி ஒன்றுதான். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எவ்வளவு சம்பாதித்தாலும் எல்லாருக்கும் நூற்றுக்கு ஐந்து டாலர் வருமான வரி. வரும் ஜனவரி முதல் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள், அந்த மேல் தொகையில் மட்டும் நூற்றுக்கு இன்னும் நான்கு கொடுக்க வேண்டுமா? கிடைப்பது பள்ளிகளுக்கும் சாலைகளுக்கும் போகும் என்றார்கள்.

லூர்தெஸ் படிக்கவும் கணக்குப் போடவும் திணறும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் உதவி ஆசிரியை. வயது ஐம்பத்து நான்கு. அவளைப் போன்ற பதினொரு பேருக்குச் சம்பளம் தந்த மானியம் ஜூனில் முடிகிறது. ‘ஆம்’ ஜெயித்தால் வழி பிறக்கலாம், இல்லாவிட்டால் கடைசியாகச் சேர்ந்தவரிலிருந்து அனுப்ப வேண்டியதுதான் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார். கடைசியாகச் சேர்ந்தவள் லூர்தெஸ்.

மதியத்துக்குள் அவள் வலது முழங்கால் வீங்கிவிட்டது. ஹாரன் அடித்துக்கொண்டு போகிறவர்கள் யாருக்காக அடிக்கிறார்கள் என்று இருவருக்கும் தெரியவில்லை. இருவருமே கை ஆட்டினார்கள்.

“இந்தா, பிடி.” அதெலினோ காகிதப் பையிலிருந்து எண்ணெயில் பொரித்த மலசாடா ஒன்றைப் பிய்த்துப் பாதியை நீட்டினார். சர்க்கரை உதிர்ந்தது. “எதிர்க்கட்சிப் பலகாரம். விஷம் எல்லாம் வைக்கல.”

“பாதியா பிய்ச்சுக் குடுக்குறீங்களே, நீங்க எங்க கட்சிதான்ணே,” என்றாள் லூர்தெஸ்.

“அட, வாயைப் பாரு!” அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. “நாப்பத்தொரு வருஷம் வீட்டைச் சூடாக்குற கொதிகலன் ரிப்பேர் பண்ணியிருக்கேன்மா. இந்த ஊர்ல எந்த வீட்டு நிலவறையிலயும் நான் கரி பூசிக்காம வந்ததில்ல. இப்பதான் கம்பெனியை விக்கிறேன். வாங்குறவன் ஜனவரிக்கு இழுத்துட்டான். வாழ்க்கையில ஒரே ஒரு வருஷம் பணக்காரனா இருக்கப்போறேன். அந்த வருஷம் பார்த்து வந்து நிக்கிறீங்க.”

“பத்து லட்சத்துக்கு மேல வர்றதுக்கு மட்டும்தானேண்ணே.”

“அந்த மேல வர்றதுதான் ஃபெர்னாந்தாவைப் பார்த்துக்கிற ஆளுக்குச் சம்பளம். எம் பொண்டாட்டி. நாலு வருஷமா படுக்கை. சில நாள் என்னையே யாருன்னு கேக்குறா.”

லூர்தெஸ் பலகாரத்தை மெல்ல மென்றாள். வகுப்பில் அந்தப் பிள்ளை கேட்டதற்குப் பதில் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. ஆனாலும் கையிலிருந்த அட்டையை அவள் இறக்கவில்லை.

“பரிசுத்த ஆவித் திருவிழாவுல ஊருக்கே சூப் ஊத்துறோமே,” என்றாள். “வசதி இருக்கிறவங்க மாடு குடுக்குறாங்க. இல்லாதவங்க வெங்காயம் உரிக்கிறாங்க. தட்டு எல்லாருக்கும் ஒண்ணுதான். இதுவும் அதே மாதிரிதானேண்ணே?”

“நான் ஒம்பது வருஷம் மாடு குடுத்தேன். யாரும் எனக்கு நோட்டீஸ் அனுப்பல. நானா குடுத்தேன். கையால குடுக்கிறதுக்கும் கையை முறுக்கி வாங்குறதுக்கும் வித்தியாசம் இருக்கா இல்லையா?”

“இருக்கு. உங்கள மாதிரி ஆளுங்களா ஊர் முழுக்க இருந்தா நான் எதுக்கு இந்தக் குளிர்ல நிக்கப்போறேன்? யாரும் மாடு குடுக்காத வருஷம் பிள்ளைங்க என்னண்ணே சாப்பிடும்?”

அவர் எதிரே போன பேருந்தைப் பார்த்தார். “தெரியல,” என்றார். “எனக்கும் கால் வலிக்குதும்மா.”

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவருடைய கைப்பேசி அடித்தது. வீட்டிலிருந்து, ஃபெர்னாந்தாவைக் கவனித்துக்கொள்ளும் பெண். அவளுடைய மகனுக்குக் காய்ச்சல் அதிகமாகிவிட்டதாம், உடனே கிளம்ப வேண்டும், மாற்றாள் வரமாட்டாளாம். அதெலினோ பேசி முடித்துவிட்டு அட்டையை மரத்தில் சாய்த்தார்.

“நான் வரேன்மா. இன்னைக்கு அவ்வளவுதான்.”

“ஓட்டுப் போட்டாச்சா?”

“எங்க? எனக்கு ஓட்டு இங்க இல்ல, வடக்கே தீயணைப்பு நிலையத்துல. நாலு மணிக்குப் போகலாம்னு இருந்தேன்.” வறட்சியாகச் சிரித்தார். “தபால்ல போடுன்னு மக படிச்சுப் படிச்சுச் சொன்னா. நான்தான் நேர்ல போனாதான் ஓட்டுன்னு வீம்பு பிடிச்சேன். நாள் பூரா அட்டை பிடிச்சவனுக்கு ஓட்டு இல்ல. நல்லா இருக்கா கதை?”

லூர்தெஸ் மரத்தில் சாய்ந்திருந்த அவர் அட்டையைப் பார்த்தாள். ஒரு ஓட்டு. போனால் போகட்டும் என்று விட்டுவிட அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவள் ஒன்றும் செய்ய வேண்டியதுகூட இல்லை. கை ஆட்டி அனுப்பினால் போதும்.

“வீட்டு விலாசம் சொல்லுங்கண்ணே,” என்றாள். “நான் போய் அவங்ககூட இருக்கேன். நீங்க ஓட்டுப் போட்டுட்டு வாங்க.”

அவர் அவள் அட்டையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். “நான் என்னன்னு போடுவேன்னு தெரியுமில்ல? உன் ஓட்டு என் ஓட்டோட அடிபட்டுப் போயிடும்.”

“கூட்டல் கழித்தல்தான்ணே நான் சொல்லிக்குடுக்கிறதே. விலாசத்தைச் சொல்லுங்க.”

“குழந்தை மாதிரி பார்க்கணும், அவ தண்ணி குடிக்கும்போது…”

“எங்கம்மாவை ஆறு வருஷம் பார்த்தேன். போங்க, வரிசை நீளமா இருக்கும்.”

அவர் வீட்டுக்குப் போனதும் லூர்தெஸ் காய்ச்சல் பிள்ளையின் தாயை அனுப்பிவிட்டு, கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்ததும் முழங்கால் பெருமூச்சு விட்டதுபோல் இருந்தது. கீரைச் சூப் இளஞ்சூடாக இருந்தது. கரண்டி கரண்டியாக ஊட்டினாள். ஃபெர்னாந்தா அவளைத் தன் தங்கை என்று நினைத்துக்கொண்டு, கோழிகளை அடைத்தாயிற்றா என்று கேட்டாள். அடைத்தாயிற்று அக்கா என்றாள் லூர்தெஸ்.

காலையில் அதெலினோவின் மேல்சட்டையில் தைத்திருந்த பெயரைப் படித்தபோதே அவர் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு இவளை நினைவில்லை. எத்தனை நிலவறைகள், எத்தனை வீடுகள்! பத்தொன்பது வருடத்துக்கு முன்பு, ஒரு பிப்ரவரி முற்பகல், அவள் வீட்டுக் கொதிகலன் நின்றுபோனது. அதெலினோ கீழே குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது, கணவர் ஜில் இனித் தாங்கமாட்டார் என்று. அவள் கையில் எட்டு மாதக் குழந்தை. அந்த மனிதர் படியேறி வந்து, கையைக் கழுவி, “குழந்தையை இப்படிக் குடும்மா. நீ ஓடு,” என்றார். அவள் போனபோது ஜில்லுக்கு உயிர் இருந்தது. நாற்பது நிமிடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்க முடிந்தது. திரும்பி வந்தபோது வீடு கதகதப்பாக இருந்தது. கரிக்கறை படிந்த சட்டையின் மேல் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவளிடம் எதுவும் கேட்காமல் அதெலினோ கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இதை அவரிடம் சொல்லலாம். சொன்னால் அவருக்குக் கண் கலங்கும். பிறகு இன்று செய்தது பழைய கடனைத் தீர்த்த கணக்காகிவிடும். அவள் சொல்லப் போவதில்லை.

ஃபெர்னாந்தா தூங்கிவிட்டாள். லூர்தெஸ் அவள் வாயோரத்தைத் துடைத்துப் போர்வையை இழுத்துவிட்டாள். ஜெபமாலையை எடுத்தாள். ஜெயிக்க வேண்டும் என்று கேட்கலாமா என ஒரு கணம் தயங்கி, வரிசையில் நிற்கும் அந்தக் கிழவருக்குக் கால் வலிக்காமல் இருக்கட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். பிறகு சூப் கிண்ணத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, எடுத்த அலமாரியிலேயே வைத்தாள்.