எதிர்ப்பக்கத்துப் பெஞ்சுக்காரர்

வெள்ளிக்கிழமை வந்தால் சென்றாயனுக்குச் சோறு இறங்காது. பள்ளிவாசலில் மதியத் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அந்த ஆள் நாமக்கல் பஸ்ஸிலிருந்து சேந்தமங்கலத்தில் இறங்குவார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் சந்திரசேகரின் டீக்கடை பெஞ்சில் உட்காருவார். ஒரு டீயை வாங்கி ஆறவிட்டு, சென்றாயன் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். பொழுது சாய எழுந்து போய்விடுவார். ஒரு வார்த்தை பேசினால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது சென்றாயனுக்கு.

ஆள் யாரென்று தெரியாமல் இல்லை. பெயர் ரஹமத்துல்லா, நாமக்கல்லில் டயர் கடை. மல்லசமுத்திரம் ரோட்டில் சென்றாயன் ஓட்டிப்போன கோழித்தீவன லாரியில் அடிபட்டுச் செத்த முபஷிரின் தகப்பன். "பையன்தானுங்க குறுக்க வந்தான்" என்று வக்கீல் சொல்லிக்கொடுத்ததைச் சென்றாயன் கோர்ட்டில் ஒப்பித்தபோது, பின்வரிசையில் உட்கார்ந்து இதே பார்வைதான் பார்த்தார். விடுதலை கிடைத்துவிட்டது. ஓட்டும்போது கண் அசந்தது சென்றாயனுக்கு மட்டும்தான் தெரியும். அதையும் தெரியாத மாதிரி இருக்க அவன் பழகிக்கொண்டிருந்தான்.

இப்போது அவனுக்குப் பக்கத்துக் கோழிப்பண்ணையில் வேலை. வெள்ளிக்கிழமை மட்டும் லீவு. வேறெதற்கு, வாசலைக் காக்கத்தான். கதவுக்குப் பின்னால் லாரியின் பழைய ஜாக்கி ராடு ஒன்றைச் சாத்திவைத்திருந்தான்.

"ஏனுங்க, போலீசுல ஒரு வார்த்தை சொல்லீரலாமுங்க" என்றாள் மனைவி ராசாத்தி.

"சொன்னா பழைய கேசைக் கிண்டுவாங்க. நீ சும்மா இரு."

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றச் சந்திரசேகர் இருந்தார். செல்போனில் வந்து விழும் வீடியோவை வைத்தே உலகத்தை அளந்துவிடும் மனுசன். ஒருநாள் ரோட்டைத் தாண்டி ஓடிவந்து, மூச்சு வாங்க ரகசியம் சொன்னார்.

"அந்தாளு போன்ல பேசுனதை என்ற காதால கேட்டனப்பா. 'இது என் ஜிஹாத்து, நாந்தான் பண்ணணும், நீ வராத. இன்னைக்கும் முடியல, அடுத்த வெள்ளி முடிச்சிடுறேன்'னு சொல்றாரு. ஜிஹாத்துன்னா என்னன்னு தெரியுமில்ல? வெட்டுறதுதான். புள்ளையப் பத்திரமாப் பாத்துக்க."

சந்திரசேகருக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் சென்றாயனுக்கும் தெரியும். ஆனால் 'புள்ள' என்றதும் அவனுக்குப் போன வாரம் பார்த்தது ஞாபகம் வந்தது. மகள் சத்யபிரியா பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழையும்வரை அந்த ஆளின் பார்வை அவள் பின்னாலேயே வந்ததை அவனே கண்ணால் பார்த்தான். பையனுக்குப் பதில் பிள்ளை. கணக்கு அதுதான் என்று முடிவே கட்டிவிட்டான்.

அடுத்த வெள்ளி சத்யபிரியாவைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. "உள்ள இரு சாமி, வெளிய வந்தீன்னா காலை ஒடிச்சுப்போடுவேன்" என்றான். அவள் முகம் சுருங்கி உள்ளே போனாள்.

அன்றைக்கு ரஹமத்துல்லா டீ வாங்கவில்லை. பெஞ்சில் உட்காரவுமில்லை. பள்ளிக்கூட பஸ் வந்து போகும்வரை நின்றிருந்துவிட்டு நேராக ரோட்டில் இறங்கினார். பாதி ரோட்டில் ஒருமுறை நின்றார். பின்னால் ஹாரன் அடித்தது. பிறகு விறுவிறுவென்று வந்து வாசலில் நின்றார். சென்றாயனின் கை ராடை இறுக்கிப் பிடித்திருந்தது. ரஹமத்துல்லாவின் இரண்டு கையும் காலி.

"நான் ஹஜ்ஜுக்குப் போறேங்க" என்றார். "போறதுக்கு முந்தி, யாருக்கு என்ன கெடுதல் பண்ணியிருந்தாலும் அவங்க ஊட்டுக்கே போயி மன்னிப்புக் கேக்கோணும். அது எங்க வழக்கம். எல்லார்ட்டயும் கேட்டுட்டேன். நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

சென்றாயனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நீங்க எனக்கு என்னுங்க பண்ணுனீங்க?"

"எம்பையன் போனதுலேர்ந்து, தரையில நெத்திய வெச்சுத் தொழும்போதெல்லாம், அந்த லாரிக்காரன் புள்ளையும் இப்படியே போகட்டும்னு கேட்டேனுங்க. இங்க வந்துதான் அது பொம்பளப்புள்ளைன்னே தெரியும். பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு பஸ்ஸ விட்டு எறங்குச்சு." வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "புள்ள நல்லா இருக்குதுங்களா? இன்னைக்குக் காணமே."

சென்றாயனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ராடைக் கதவுக்குப் பின்னால் தள்ளினான். அது கீழே விழுந்து சத்தம் போட்டது.

"நல்லா இருக்குதுங்க. ஜிஹாத்துன்னு போன்ல பேசுனீங்கன்னு சொன்னாங்க. நான் பயந்துட்டனுங்க."

"ஊட்டுக்காரிகிட்டப் பேசுனது. என் மனசோட நான் போடுற சண்டைங்க அது. இந்த ரோட்டைத் தாண்ட எத்தனை வாரம் ஆச்சுன்னு பாத்தீங்களே." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"மன்னிச்சேனுங்க" என்றான் சென்றாயன். சொன்ன பிறகுதான் உறைத்தது, எதிரில் நிற்கிறவர் தன்னை மன்னித்ததாக எதுவும் சொல்லவில்லை என்று. கேட்காமல் இருக்க முடியவில்லை. "நீங்க என்னைய?"

ரஹமத்துல்லா இல்லையென்று தலையாட்டினார். "பொய் சொல்லிட்டு ஹஜ்ஜுக்குப் போக முடியாதுங்க. அந்தச் சண்டை இன்னும் முடியல."

திரும்பி நடந்தார். ரோட்டோரம்வரை சென்றாயன் பின்னாலேயே போனான்.

"நீங்க ஹஜ்ஜு போயிட்டுத் திரும்பி வந்ததும் உங்க கடைக்கு வாரேனுங்க" என்றான். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். அந்த லாரியப் பத்தி."

ரஹமத்துல்லா நின்றார். "இப்பவே சொல்லலாமேங்க."

சென்றாயன் வாயைத் திறந்தான். ரோட்டில் ஒரு லாரி வந்தது, கடந்து போனது.

"இன்னைக்கு முடியலீங்க" என்றான்.