டன்லப் தெருவில் ஒரு மின்சார மணி

மின்சாரத்தைப் பற்றி எங்கள் வாரப் பத்திரிகையில் நான் தொடர்ந்து எழுதிவந்த காலத்தில், மின்சாரக் கம்பி ஒன்றை ஒருநாளும் கையால் தொட்டதில்லை. தொடவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. மேசைமேல் இரண்டு இங்கிலீஷ் புத்தகங்களும் ஓர் அகராதியும் இருந்தன. சிராங்கூன் ரோட்டில் டிராம் வண்டி தலைமேலுள்ள கம்பியை உரசிக்கொண்டு ஓடுவதை ஜன்னல் வழியே பார்க்கலாம். ஒரு நிபுணனுக்கு வேறென்ன வேண்டும்?

என் நடையைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு. பாட்டரி ஜாடியை விளக்கும்போது, "இது வண்டிமாட்டைப் போன்றது; இடைவிடாது உழைத்தால் களைக்கும், ஓய்வு கொடுத்தால் தேறும்" என்று எழுதியிருந்தேன். அதன் ஓசை பிடித்துப்போய், அச்சுக்கூடத்துக்கு வந்தவர்களையெல்லாம் நிறுத்திவைத்துப் படித்துக் காட்டினேன்.

அந்தக் கட்டுரையைப் பார்த்துவிட்டுத்தான் நெய்னா முகம்மது வந்தார். நாகப்பட்டினத்துக்காரர், டன்லப் தெருவில் கீழே துணிக்கடை, மேலே குடித்தனம்.

"துரைசாமி ஐயா, மின்சார மணின்னு எழுதியிருந்தீங்களே, அதை நம்ம வீட்டுல வைக்க முடியுமா?"

"தாராளமாக" என்றேன். முடியுமா என்று யோசிக்கும் வழக்கம் அப்போது எனக்கு இல்லை.

அவர் மனைவி சம்சுன்னிசாவுக்கு இது தலைப்பிரசவம். ஊர் வழக்கப்படி பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போக மாமியார் ஆமினா பீவி கப்பலேறி வந்து, கம்போங் கிளாம் பகுதியில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். சம்சுன்னிசாவுக்குப் போக மனமில்லை. ஊருக்குப் போனால், பிள்ளை தவழ ஆரம்பித்த பிறகுதான் தகப்பன் முகத்தைப் பார்க்கும் என்று கணவரிடம் அழுதிருக்கிறார்.

மகளை இங்கே விட்டுப்போக மாமியார் பயந்ததிலும் நியாயம் இருந்தது. கடையில் அன்னிய ஆண்கள் இருக்கையில் அந்த வீட்டுப் பெண்கள் மாடியிலிருந்து குரல் கொடுக்கமாட்டார்கள். கணவர் வேண்டுமென்றால் அம்மிக் குழவியால் பலகைத் தரையைத் தட்டவேண்டும். கீழே துணிமேல் புழுதி உதிர்ந்தால், மேலே அழைக்கிறார்கள் என்று அர்த்தம். போன வாரம் சம்சுன்னிசா கால் இடறி விழுந்து தட்டியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து எருமைகள் தெருவை அடைத்துக்கொண்டு போயின, வண்டிக்காரர்கள் கத்தினார்கள், கடையில் ஒருவர் காதிலும் விழவில்லை.

"மாமி ஒரே பேச்சா சொல்லிட்டாங்க" என்றார் நெய்னா முகம்மது. "கூப்பிட்டா ஆளு வரும்னு கண்ணால பாத்தா விட்டுட்டுப் போறாங்களாம். இல்லேன்னா திங்கக்கிழமைக் கப்பல். வெள்ளிக்கிழமை சாயந்தரம் அஸர் தொழுகைக்கு அப்புறம் வந்து பாக்குறேன்னு சொல்லியிருக்காங்க."

வெள்ளிக்கிழமை காலையில் மணி, பொத்தான், இரண்டு கண்ணாடி ஜாடிகள், கம்பிச் சுருள் எல்லாவற்றோடும் போய் இறங்கினேன். ஜாடியில் நவச்சார உப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கரியையும் துத்தநாகக் கோலையும் நிறுத்தினேன். மின்சாரம் ஜாடியிலிருந்து புறப்பட்டு, மாடியிலுள்ள பொத்தானுக்குப் போய், மணி வழியாக ஜாடிக்கே திரும்பி வரவேண்டும். வழியில் ஓரிடம் அறுந்திருந்தாலும் ஓடாது. அந்த அறுந்த இடத்தை விரலால் சேர்ப்பதுதான் பொத்தானின் வேலை. இதற்குச் 'சுற்று' என்று பெயர் வைத்துத் தமிழர்களுக்கு வழங்கியவன் நான்தான் என்று நம்பியிருந்தேன். ஆனாலும் போவதற்கு மட்டும் கம்பி வாங்கிவந்திருந்தேன், வருவதற்கு வாங்கவில்லை. மறுபடியும் கடைக்கு ஓடினேன்.

மாடிக்கு நான் போகக்கூடாதாகையால், பொத்தானை வைக்கும் வேலையைப் படிக்கட்டின் அடியில் நின்று நடத்தினேன். நான் சொன்னதை நெய்னா முகம்மது திரைக்கு அந்தப்பக்கம் சொல்ல, சம்சுன்னிசா திருகுகளை முடுக்கினார். கீழே கடையில் மணி அடித்தது. மேலே ஒரு பெண் சிரிப்பது கேட்டது. அதோடு நான் வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கதை இல்லை.

மதியம் ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து கூட்டம் தெருவுக்கு வந்தது. எதிர்க்கடை அத்தர் வியாபாரி ஜமால் முகம்மது முதலில் நுழைந்தார்.

"என்ன நெய்னா, மாமியாருக்கு மணி கட்டுறியாமே?"

கடையே சிரித்தது. சந்தர்ப்பத்தை விட எனக்கு மனம் வரவில்லை. மணிக்குப் பக்கத்தில், மாடிப் பொத்தானுக்குப் போய்வரும் இரண்டு கம்பிகளின் நூல் உறையையும் சுரண்டி, செம்பு தெரிந்த இடத்தில் குறுக்கே கடைச் சாவியை வைத்தேன். மாடியில் யாரும் அமுக்காமலே மணி அலறியது. சாவியை எடுத்தேன், நின்றது.

"இன்னொரு தடவ வைங்க!"

வைத்தேன். பிறகு வந்தவர்களுக்காக மீண்டும் வைத்தேன். ஆளுக்காள் சாவியை வாங்கி வைத்துப் பார்த்தார்கள். சாவி கம்பிமேல் கிடக்க, மணியோசைக்கு மேலே குரலெழுப்பி, மின்சாரத்தின் வரலாற்றைக் கிரேக்கர் காலத்திலிருந்து தொடங்கினேன். தெருவில் ஓர் எருமை மிரண்டு சாக்கடையில் இறங்கியது. நான் நிறுத்தவில்லை. ஓசை சற்று மெலிந்ததைக் கவனித்தேன். காது பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆமினா பீவி மூடிய குதிரை வண்டியில் வந்து இறங்கி, யாரையும் பார்க்காமல் படியேறினார். எல்லோரும் மணியைப் பார்த்தோம்.

அதன் சுத்தி ஒருமுறை துடித்தது. தும்மல் வந்து தும்மாமல் போனவர் முகத்தைப்போல் அப்படியே நின்றுவிட்டது.

"மாப்பிள்ள" என்று திரைக்குப் பின்னிருந்து குரல் வந்தது. ஆண்கள் இருப்பதைப் பொருட்படுத்தாத குரல். "அமுக்கி அமுக்கி விரலு நோவுது. கீழ ஏதாச்சும் கேட்டுச்சா?"

"இல்ல மாமி."

நான் குறுக்கிட்டேன். "அம்மா, நவச்சாரக் கரைசலின் தன்மை என்னவென்றால்..."

"நவச்சாரமா? அதைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவன் வச்சிருப்பான். அவனையே கூப்பிட்டிருக்கலாமே. சம்சு, பெட்டியை எடு."

கம்பிகளை இழுத்துப் பார்த்தேன். திருகுகளை முடுக்கினேன். ஜாடியைத் தட்டிக்கூடக் கொடுத்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. மணி மட்டும் அடிக்கவில்லை. மாடியில் பெட்டியை இழுக்கும் சத்தமும் அதோடு விசும்பலும் கேட்டன. தலைமேல் புழுதி உதிர்ந்தது.

"போதும் ஐயா" என்றார் நெய்னா முகம்மது, கோபமில்லாமல். கோபித்திருந்தால் தேவலை. "இனி எதையும் தொடாதீங்க."

மறுநாள் காலையில், மணியைக் கழற்றிக்கொண்டு போய்விடலாம் என்று திருப்புளியோடு போனேன். நெய்னா முகம்மது ஒருவருக்கு மல் துணி அளந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஜமால் முகம்மது எதிர்க்கடையிலிருந்து, "கிரேக்கர் வந்துட்டாரு!" என்று அறிவித்தார். நான் தலைநிமிராமல் நாற்காலிமேல் ஏறி, முதல் திருகில் திருப்புளியை வைத்தேன்.

என் காதுக்கு ஒரு சாண் தள்ளி மணி அலறியது.

நான் நாற்காலியிலிருந்து விழுந்தேன். அதை யாரும் கவனிக்கவில்லை. நெய்னா முகம்மது படிக்கட்டில் பாய்ந்துவிட்டிருந்தார். கையிலிருந்த துணியை விட அவருக்குத் தோன்றவில்லை. மல் துணிக் கட்டு தரையில் உருண்டு உருண்டு பிரிந்து, வெள்ளையாக அவர் பின்னால் படியேறிப் போயிற்று.

தரைப் பலகை வழியாக எல்லாம் கேட்டது.

"என்ன புள்ள? வலியா?"

"இல்லீங்க. போறதுக்கு முன்னாடி ஒருதடவ அமுக்கிப் பாப்போம்னு..."

பெட்டி கட்ட இரவு அங்கேயே தங்கிவிட்ட ஆமினா பீவி கேட்டார்.

"இது யாரு துணி, மாப்பிள்ள?"

"வாங்க வந்தவரோடது, மாமி."

"அவரு எங்க?"

"கீழதான்... நிக்கிறாரு."

நான் தரையில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தேன். துணி வாங்க வந்தவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"சம்சு, பெட்டியை அவுரு."

அப்போதுதான் என் வாக்கியம் எனக்கே நினைவுக்கு வந்தது. இடைவிடாது உழைத்தால் களைக்கும். ஓய்வு கொடுத்தால் தேறும். தொடர்ந்து ஓடவிட்டால் ஜாடியிலுள்ள கரியின்மேல் ஒருவித வாயு படிந்து மின்சாரத்தை மந்தப்படுத்தும். சும்மா விட்டால் அது மெல்ல விலகும். இதையெல்லாம் வண்டிமாட்டு உவமையோடு எழுதியவன்தான், பிற்பகலெல்லாம் அந்த மாட்டை ஓட்டியிருக்கிறேன். இரவு முழுவதும் என்னைத் தொடவிடாமல் வைத்ததால் மணி பிழைத்தது.

நெய்னா முகம்மது திரும்பி வந்து தீர்ப்பைச் சொன்னார். சம்சுன்னிசா இங்கேயே இருப்பார். மாமியாரும் பிரசவம் வரை இங்கேயே இருப்பார். இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. மணியும் இருக்கலாம். "எழுதுறவரு மட்டும் அதுக்குப் பக்கத்துல வரக்கூடாதுன்னுட்டாங்க, ஐயா."

ஆமினா பீவி அந்த நிபந்தனையைக் கடைசிவரை தளர்த்தவில்லை. பெண்குழந்தை பிறந்த அன்று மணி எத்தனை கம்பீரமாக அடித்தது என்பதை ஜமால் முகம்மது சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

படியெல்லாம் புரண்ட மல் துணியை வந்தவர் வாங்க மறுத்துவிட்டார். அதில் எனக்கு ஒரு சட்டை தைத்து அனுப்பினார் நெய்னா முகம்மது. எத்தனை வெளுத்தும் முதுகில் படிக்கட்டுக் கறை போகவில்லை. அதைப் போட்டுக்கொண்டுதான் அடுத்த கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். தலைப்பு, இடிதாங்கி.