ஜெயசீலி மேடம் பிடித்திருந்த கை

பொன்னையா என்ற உப்பளத் தொழிலாளியின் வலது தோளில், ஒரு தோல் செல்லில் எனக்கு வேலை. பதவியின் பெயர் வெட்டுநர். செல்லின் நடு அறையில் இருக்கும் மூலப் பதிவேட்டைத் துண்டு துண்டாக வெட்ட எனக்கு மட்டுமே அதிகாரம் உண்டு. இருபத்திரண்டு வருடங்களாக நான் அதை வெட்டவில்லை. வெட்டிவிடாதபடி என் வலது கையைப் பிடித்திருப்பது ஜெயசீலி மேடத்தின் வேலை. அவர் பதவியின் பெயர் பிடிப்பாளர்.

இரண்டு பதவிக்கும் ஒரே உத்தரவில்தான் ஆள் எடுப்பார்கள். தனியாக வந்து சேரும் வெட்டுநர்கள் நிற்கத் தெரியாமல் சுருண்டு விழுந்துவிடுவதாகச் சொல்கிறார்கள். முதல் நாள் நானும் வளைந்து நெளிந்துதான் வந்தேன். ஜெயசீலி மேடம் கையைப் பிடித்த பிறகுதான் முதுகு நிமிர்ந்தது. “பயப்படாதீங்க சார், பிடிச்சிட்டேன்” என்றார். அதற்குப் பிறகு அவர் விடவில்லை.

நான் இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டேன். முதல் வருடம் முகம் சுளித்தவர்கள் அடுத்த வருடம் கண்டுகொள்ளவில்லை. ஊழியர் குடியிருப்பில் எங்களுக்கு அடுத்தடுத்த வீடு கொடுத்தார்கள். நடுச் சுவரில் கட்டில் உயரத்துக்கு ஓர் ஓட்டை. அதைப் போட்டுத் தந்தவர் அவருடைய கணவர் சேவியர். கொத்தனார் என்பதால் மணிக்கட்டில் உரசாமல் விளிம்பை வழவழவென்று பூசியிருந்தார். கையை அந்தப் பக்கம் நீட்டிவிட்டு நான் மல்லாந்து தூங்குவேன். புரண்டு படுக்க முடியாததில் என் முதுகு தேய்ந்துவிட்டது. அவருக்கு ஒரு பக்கத் தோள் இறங்கிவிட்டது. அலுப்பாகத்தான் இருந்தது. ஆனால் எந்த வேலையில்தான் அலுப்பு இல்லை.

பதிவேடு இரண்டு மீட்டர் நீள நாடா. நூலைச் சுற்றுவது போல மூன்று கோடிக் கண்டுகளில் சுற்றி வைத்திருக்கிறார்கள். பொன்னையாவின் மூக்கு எப்படி இருக்க வேண்டும், வெயிலில் எவ்வளவு கறுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. பொன்னையா துண்டைத் தலையில் கட்டிக்கொள்கிறவர். தோளுக்கு ஒன்றும் போடுவதில்லை. அதனால் வெயில் எங்கள் கூரை வழியாக நடு அறைக்குள் இறங்கி, நாடாவில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகளை ஒட்டவைத்துவிட்டுப் போகும். பழுது பார்க்கிறவர்கள் வந்து திருத்தி எழுதிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார்கள். இந்தச் சித்திரையில் மூன்று முறை வந்தார்கள். மூன்றாவது முறை பிழை முழுக்கத் திருந்தவில்லை, டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஜெயசீலி மேடம் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

கடைசி மேசையில் அருமைநாயகம் சார் உட்கார்ந்திருப்பார். செல்லை மூட வேண்டி வந்தால் மூடுகிற அதிகாரி அவர். உத்தரவு வரும்வரை அவர் வேலை செய்யக் கூடாது என்பதால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நல்ல மனிதர். பொங்கலுக்குப் பொங்கல் கயிற்றை மாற்றும்போது கையைத் தூக்கி ஒத்துழைப்பார்.

வியாழக்கிழமை காலை உத்தரவு வந்தது. கயிற்றை அவிழ்த்தார்கள். கால் மரத்துப்போயிருந்ததால் அவர் கொஞ்ச நேரம் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு எங்கள் பெஞ்சுக்கு வந்தார். பிடிப்பாளரை வெட்டினால்தான் வெட்டுநர் வேலையைத் தொடங்க முடியும். அது விதி.

“மேடம், உங்க பேரு வந்திருக்கு.”

“எத்தனை இடத்துல வெட்டணும் சார்?”

“ரெண்டு இடத்துல.”

“சரி” என்றார் ஜெயசீலி மேடம். சாப்பாட்டு டப்பாவை மூடி பைக்குள் வைத்தார்.

அப்போது என் விரல்கள் மடங்கி அவர் கையை இறுக்கிக்கொண்டன. இருபத்திரண்டு வருடங்களில் நான் அவரைத் திருப்பிப் பிடித்தது அதுதான் முதல் முறை. எனக்கு அவர் போகக் கூடாது என்று இருந்தது. வேறு ஒரு யோசனையும் இல்லை.

அருமைநாயகம் சார் கோபப்படவில்லை. “சார், இந்தப் பிழையோட படி எடுத்தா அடுத்த செல்லும் பிழையாத்தான் பிறக்கும். அதுக்கடுத்ததும் அப்படித்தான். இன்னைக்கு மேடம் கையை விட்டா ஒரு செல்லோட போவும். இல்லைன்னா பொன்னையா தோள்ல கட்டி வரும். அப்புறம் ஆளே போயிருவாரு” என்றார்.

“வேற யாராச்சும் தோள்ல வேலை பாத்துக்கிடுதோம் சார், ரெண்டு பேரும்” என்றேன்.

“நீங்க பிடிக்கப்பிடாது சார்” என்றார் ஜெயசீலி மேடம். “பிடிக்கிறது என் வேலை. அதையும் நீங்களே செஞ்சா எப்படி? எனக்கும் கை வலிக்கி. விடுங்க.”

நான் விட்டேன். அவர் விடவில்லை, விடுவதற்கு அவருக்கு அதிகாரம் கிடையாது.

“வீட்ல அவர்ட்ட சொல்லிருங்க. அந்த ஓட்டையை அடைச்சிரணும். கொசு வரும்” என்றார். அருமைநாயகம் சார் இரண்டு இடத்தில் வெட்டினார். ஜெயசீலி மேடம் மூன்று பேரானார். மூன்று பேருமே களைத்திருந்தார்கள். ஒருவராலும் எதையும் பிடிக்க முடியவில்லை. ஆளுக்கொரு கதவு வழியாகப் போய்விட்டார்கள்.

நான் நடு அறைக்குப் போனேன். கண்டின் மேல் வெட்டக் கூடாது, இரண்டு கண்டுகளுக்கு நடுவில்தான் வெட்ட வேண்டும். அப்போதுதான் துண்டுகள் ஒரே அளவாக வரும். கத்தரிக்கோல் வேண்டாம், என் விரல்களே வெட்டும். யாரும் கற்றுத் தரவில்லை, கைக்கே தெரிந்திருந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன். கை ஓர் இடத்திலும் பிசகாமல் வேலை பார்த்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் கையைப் பிடிக்கவில்லை.

நான்கு மணிக்கு முடித்துவிட்டு எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். அதற்குள் பக்கத்துச் செல்காரர்கள் வந்து எங்கள் மேசை நாற்காலிகளைச் சாப்பிடத் தொடங்கியிருந்தார்கள். “கொஞ்சம் எந்திரிக்கேளா, பெஞ்சு மட்டுந்தான் பாக்கி” என்று ஒருவர் தன்மையாகக் கேட்டார். எழுந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

பஸ்ஸில் கை சும்மா இருக்கவில்லை. டிக்கெட் மெஷினிலிருந்து வந்த தாளை வெட்டியது. பக்கத்தில் நின்றவருடைய பையின் நாடாவை வெட்டியது. முன் சீட்டுப் பெண்ணின் தலையில் இருந்த பூச்சரத்தையும் வெட்டியது. எல்லாம் ஒரே அளவுத் துண்டுகள். கண்டக்டர் பார்த்துவிட்டு, “யாராவது சார் கையைக் கொஞ்சம் வாங்கிக்கோங்க” என்றார். நிற்கிறவர்களின் பையை உட்கார்ந்திருக்கிறவர்கள் மடியில் வாங்கி வைத்துக்கொள்வது போல, ஒரு பெரியவர் என் கையை வாங்கிக்கொண்டார். அவருடைய நிறுத்தம் வந்ததும் பின்சீட்டில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். அவரிடமிருந்து கல்லூரிப் பெண் ஒருத்தி, அவளிடமிருந்து மீன் கூடையோடு வந்த ஒரு அம்மா. யாரும் கேள்வி கேட்கவில்லை. வழியெல்லாம் சேவியரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

குடியிருப்பு ரோட்டோரம்தான். மீன்கார அம்மா கூடையைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு என்னோடு இறங்கினார். “எந்த வீடு?” என்று கேட்டார். நான் ஜெயசீலி மேடத்தின் வீட்டைக் காட்டினேன். அவரே கதவைத் தட்டினார்.

சேவியர் திறந்தார். என்னைப் பார்த்தார், என் கை யாரிடம் இருக்கிறது என்று பார்த்தார். எனக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தைப் பார்த்தார். அந்த அம்மா என் கையை நீட்டினார். சேவியர் தன் கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் இறங்கி வந்து ஒரு தாளை நீட்டினார். சேவியர் அதைக் கதவில் வைத்து, ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.