இரண்டு விசில்

பதினொரு வருஷமாக அவன் ஓட்டும் பேருந்தில் அவள்தான் கண்டக்டர். அதில் ஒன்பது வருஷமாக அவள் அவனுக்கு மனைவியும்கூட. வீட்டிலும் அவன் அவளைக் 'கண்டக்டர்' என்றுதான் கூப்பிடுவான். அவள் 'டிரைவரே' என்பாள். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் கிளம்பு. அவளுடைய இரண்டு விசில் காதில் விழாமல் அவன் வண்டியை நகர்த்தியதே கிடையாது. கல்யாணப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடச் சொன்னபோதுகூட ஒருமுறை திரும்பி அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போட்டான்.

இந்த இலையுதிர்காலத்தில்தான் இருவருக்கும் சேர்ந்தாற்போல மூன்று நாள் விடுப்பு கிடைத்தது. மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றுவதென்று முடிவானது. அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: பஸ் போகாத ரோடாகப் பார்த்துப் போக வேண்டும்.

போனார்கள். சோளக்காட்டுக்கு நடுவே, செங்கல் சூளைக்குப் பின்னால், வரைபடத்தில் மயிரிழையாக இருக்கும் ரோடுகளில் எல்லாம் போனார்கள். மேடு வந்தால் வண்டி எகிறியது; அவள் வயிறு அதைவிட உயரமாக எகிறியது. சக்கரம் கிளப்பிவிட்ட மஞ்சள் இலைகள் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடி வந்து, மூச்சு வாங்கினாற்போல நின்றுவிட்டன. இரண்டாம் நாள் காலையில், கூரை போன பழைய பஸ் நிழற்குடை ஒன்றைக் கண்டதும் அவன் வண்டியை நிதானமாக ஓரம்கட்டி நிறுத்தினான்.

"யாரை ஏத்தப் போறீங்க டிரைவரே?"

அவன் நிழற்குடையைப் பார்த்தான். உள்ளே ஒரு ஆடு நின்றது.

"கை அப்படிப் போயிடுச்சு" என்றான்.

"டிக்கெட் வாங்குமான்னு கேளுங்க."

அடுத்த நாலு கிலோமீட்டருக்கு அவள் அவன் முதுகில் நெற்றியை முட்டி முட்டிச் சிரித்தாள்.

சிரித்து முடித்ததும் ஒரு பயம் வந்து ஒட்டிக்கொண்டது. அவளுடைய சட்டையின் உள்பையில் ஒரு உத்தரவு இருந்தது. ஒன்றாம் தேதி முதல் அவள் கண்டக்டர் இல்லை, டிரைவர். வேறு டிப்போ, பதினேழாம் நம்பர் வண்டி. நாலு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பயிற்சிக்குப் போனவள், தேறியதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தவித்தாள். நாளொன்றுக்கு நாலு வார்த்தை பேசுகிற மனிதன். அவன் முதுகுக்குப் பின்னால் இனி யாரோ ஒருவர் நின்று விசில் அடிப்பார். என்னை விட்டுவிட்டுப் போகிறாயா என்று அவன் கேட்க மாட்டான். கேட்காமலே இருப்பான். அதைத்தான் அவளால் தாங்க முடியாது.

மதியம் ஒரு சிற்றூரின் ஓரத்தில் குழாயைக் கண்டதும், "நிறுத்துங்க, முகம் கழுவிட்டு வர்றேன்" என்றாள். சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்க்கத்தான். இறங்கும்போது குளிருக்குப் போட்டிருந்த கோட்டைச் சுருட்டி சீட்டின் மேல் வைத்தாள். அவன் இன்ஜினை அணைக்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்துத் திடலில் தபால்காரர்களும் அச்சகத்துக்காரர்களும் தொப்பை குலுங்கக் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

'இதோ பாருங்க, கோபப்படக் கூடாது' என்று அவள் குழாயிடம் ஆரம்பித்தாள். இடைவேளைக்காக நடுவர் இரண்டு முறை விசில் ஊதினார்.

வண்டி கிளம்பிவிட்டது.

"டிரைவரே!"

சுருட்டிய கோட்டு அவன் முதுகில் சாய்ந்துகொண்டு சமர்த்தாகப் போயிற்று. அவளுடைய ஃபோனும் அதற்குள்ளேதான் இருந்தது. வண்டி வளைவில் மறைந்தது. ஈர முகத்தோடு நடுரோட்டில் நின்றவளுக்குச் சிரிப்பு பீறிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

நடுவர் பதறி ஓடி வந்தார். "என்னம்மா, விட்டுட்டுப் போயிட்டாரா? சண்டையா?"

"நீங்கதான் சார் அனுப்பி வச்சீங்க!"

விஷயம் புரிந்ததும் நடுவருக்கு முகம் வெளிறிவிட்டது. "வாங்க, என் வண்டியில பிடிச்சிடலாம். இடைவேளை பதினஞ்சு நிமிஷம்தான்" என்று ஸ்கூட்டரை எடுத்தார். மாடு மேய்க்கிற வேகத்தில் ஓட்டினார். அவர்களை ஒரு சைக்கிள்காரர் முந்திக்கொண்டு போனார்.

"சார், இறங்குங்க. நான் ஓட்டுறேன்."

"உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"ஐம்பது பேரை ஏத்திக்கிட்டு ஓட்டத் தெரியும்."

அடுத்த சில நிமிஷங்கள் நடுவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எல்லாத் தெய்வங்களுக்கும் பொதுவாக ஏதோ முனகினார். காற்று கண்ணில் நீர் வர அடித்தது. அவளுக்குப் பறப்பது போலிருந்தது.

மூன்றாவது வளைவில் எதிரே அவன் வந்தான். ஒரு கையால் கோட்டை நெஞ்சோடு அணைத்திருந்தான். முகத்தில் சொட்டு ரத்தமில்லை. அவள் வேகத்தைத் தணித்து, வளைவின் வெளியோரத்தை அணைத்து, அவனுக்கு இடம் விட்டு நிறுத்தினாள்.

இறங்கியதும் நடுவருக்குத்தான் முதலில் கோபம் வந்தது. "நான் ஊதினதுக்கு நீங்க எதுக்கு சார் கிளம்புனீங்க?"

"ரெண்டு தடவை ஊதினீங்களே" என்றான் அவன்.

நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு மெதுவாகப் போனார்.

ரோட்டில் இருவர் மட்டும். அவன் அவளையே பார்த்தான்.

"அந்த வளைவை எடுத்தியே, அது ஸ்கூட்டர் ஓட்டுற கை இல்ல. பஸ் ஓட்டுற கை."

ஒத்திகை பார்த்த வாக்கியமெல்லாம் குழாயடியிலேயே தங்கிவிட்டிருந்தது. அவள் உத்தரவை எடுத்து நீட்டினாள். அவன் படித்தான். மறுபடி படித்தான்.

"அப்ப அக்கா வீடு?"

"அக்காவுக்கே தெரியாது."

அவனுடைய மௌனங்கள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி; பசி மௌனம், தலைவலி மௌனம், டிப்போ மேலாளர் திட்டிய மௌனம். இது எதிலும் சேரவில்லை. மரம் நிதானமாக இலைகளை உதிர்த்தது. காகிதத்தின் மேல் ஒன்று விழுந்தது. அவன் ஊதித் தள்ளினான்.

"பதினேழு... குறுகல் பாலம் வழியாத்தானே?"

"ஆமா. ஏழு நாப்பதுக்கு."

"ஏழு நாப்பதுக்கு நானும் எதிர்ப்பக்கத்துலேர்ந்து பாலத்துக்கு வருவேன்."

அவளுக்கு இது தோன்றவே இல்லை. அந்தப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பஸ்தான் போக முடியும்.

"யாரு நிக்கறது?" என்றான்.

"மேடு ஏறி வர்றவங்களுக்குத்தான் வழி. நான்தான் ஏறி வர்றேன்."

"அப்ப தினமும் நான் நிக்கணுமா? நான் சீனியர்."

"மேட்டுக்கு சீனியர் ஜூனியர் தெரியாது டிரைவரே."

"லேட்டாகும். சனங்க கத்துவாங்க."

"கத்தட்டும். கண்டக்டர் பதில் சொல்லுவாரு."

அவன் உதடு துடித்தது. "சரி, நான் நிக்கறேன். வெள்ளிக்கிழமை மட்டும் நீ நில்லு."

"வெள்ளிக்கிழமை எனக்கு வார ஓய்வு."

அவ்வளவுதான். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தான். இந்தப் பதினொரு வருஷத்தில் அவனுடைய கடைவாய்ப் பல்லை அவள் பார்த்ததில்லை. பின்னால் ஒரு டிராக்டர் வந்து நின்று, ஹாரன் அடித்தது. ரோட்டை மறித்துக்கொண்டு நின்ற இரண்டு டிரைவர்களும், யார் வழி விடுவது என்று இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.